வெள்ளவத்தை வீட்டில் ஓடிய அட்டை ரயில்

1

என் மகளுக்கு நான் கொஞ்சம் குறைவாகவே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமோ?

இந்தக் கேள்வி சரியான கேள்விதானா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. பிள்ளைக்கு அதிகமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று எந்தத் தாயாவது வருந்துவாளா? நான் வருந்துகிறேன். காலையில் வருந்துகிறேன், மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் பெருமைப்படுகிறேன், சாயங்காலம் மறுபடியும் வருந்துகிறேன். என் கணவரின் தமையனார் கதிர்காமம் போய்விட்டு, எங்கள் வீட்டில் சில நாள் தங்கி, தலைமன்னார் ரயிலேறி ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன்.

ஊரில் இருந்து இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களுக்கு முதலில் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். என் கணவர் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு சந்து. சந்தின் முடிவில் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது அலமாரியில் உள்ள தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசும். முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தேன். இப்போது ரயில் வராவிட்டால்தான் காது தேடுகிறது.

எங்களுக்கு ஒரே பெண், கோமதி. கோமு என்று கூப்பிடுவோம். வயது ஆறு.

2

இங்கே கடைகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் பாதி. குடும்பத்தைக் கூட்டிவருகிறவர்களும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் ஊரில் பெரியப்பா வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "இங்க இருந்தா பேச்சு கெட்டுப்போகும்."

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் கணவரின் ஒன்றுவிட்ட தங்கை இரண்டு வருஷத்துக்கு முன் தன் மகனை அப்படித்தான் அனுப்பினாள். வழியனுப்பப் போயிருந்தேன். "என்ன செய்ய மதினி, பய ஒரு வார்த்தை தமிழ், ஒரு வார்த்தை சிங்களம்னு பேசுதான். ஊர்ல அண்ணாச்சி கேட்டா காதப் பொத்திக்கிடுவாவ" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரயில் நகர்ந்ததும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றே தீர்மானித்தேன். பேச்சு கெட்டுப்போவதால்தானே அனுப்புகிறார்கள்? என் பிள்ளையின் பேச்சு கெடாமல் பார்த்துக்கொண்டால் அனுப்ப வேண்டியதில்லை அல்லவா? இதில் தவறு ஏதாவது உங்களுக்குத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் கோமுவின் பேச்சு ஏற்கெனவே நாலு ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தது. அடுத்த வீடு யாழ்ப்பாணத்துக்காரர்கள். தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர் குடும்பம். கந்தோர் என்றால் இங்கே ஆபீஸ். அந்த வீட்டம்மாள் தங்கரத்தினம் அக்கா, அவருடைய மகள் ராசி. எதிர்வீடு சிங்களக் குடும்பம். தகப்பனார் ரயிலில் கார்டு. மகள் பெயர் மல்லிகா. எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக ஒரு பெயராவது இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. மூன்று பெண்களும் விடிந்தால் ஒரே இடத்தில்தான் கிடப்பார்கள். கோமு என்னிடம் "ஆமா" என்று சொல்லிக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. "ஓம்" என்பாள். காசு என்பதற்குச் "சல்லி" என்பாள். ஒரு நாள் தன் அப்பாவிடம் "நீங்க ஏன் நேரத்தோட வரேல்லை?" என்று கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

3

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தின் மதிலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கல்யாணம் வந்துவிட்டது. ஆகவே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. முதலில் எல்லாரும் செய்வதுபோல உட்காரவைத்து, "நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான்" என்று ஒப்பிக்கச் சொன்னேன். கோமு மூன்றாவது வரியில் ஜன்னலுக்குப் போய்விடுவாள். ரயில் பார்க்க.

சரி, ரயிலைத்தானே பார்க்கிறாய், ரயிலையே கொண்டுவருகிறேன் என்று நினைத்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் காகிதம் இன்னும் திரும்பி வரவில்லை. நல்ல அட்டை வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். நல்லவேளையாக எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்வது துணிக்கடை. துணி சுற்றிவரும் அட்டைகள் இருக்கின்றனவே, துணி விற்றுத் தீர்ந்ததும் அவை மூலையில் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு, மாலை ரயிலில் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். "பக்கத்துல உக்காந்திருந்தவன் நான் என்னமோ படம் போடுதவன்னு நினைச்சு இடம் விட்டான்" என்பார்.

அட்டையை உள்ளங்கை அளவுக்கு நறுக்கி, மேலே வெள்ளைத் துணித் துண்டு ஒட்டி, அதில் மையால் எழுதினேன். ஓட்டை போட்டு, துணிமூட்டை கட்டிவரும் சணல் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி செய்தேன். மூன்று வகை அட்டைகள். சிவப்புக் கரை போட்டது எஞ்சின்: அதில் கோமு, ராசி, மல்லிகா, அப்பா, பூனை என்று யாராவது ஒருவர் பெயர் இருக்கும். பச்சைக் கரை நடுப்பெட்டி: நேற்று, இப்போது, நாளை. நீலக் கரை கடைசிப் பெட்டி: ஓடினாள், ஓடுகிறாள், ஓடுவாள், தூங்கினான், குடித்தது, இப்படி. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு அட்டை தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். எஞ்சின் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரை உரக்க வாசிக்க வேண்டும். வாக்கியம் சரியாக இருந்தால் ரயில் முன்னறையிலிருந்து அடுப்படி வழியாகக் கொல்லை வரை கூவிக்கொண்டு ஓடலாம். தப்பாக இருந்தால் தடம்புரண்டது. மூன்று பெட்டியும் தரையில் விழ வேண்டும். அட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி நிற்கலாம்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. மாவும் ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது என்பதால் மரவள்ளிக் கிழங்கு மாவில் காய்ச்சினேன். கரப்பானுக்கு அது அமிர்தமாக இருந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் "நேற்று" என்ற அட்டையில் பாதியைக் காணோம். புதிது செய்து முடிக்கும் வரை எங்கள் வீட்டில் யாரும் நேற்று எதையும் செய்ய முடியவில்லை. பசையில் துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று பைண்டிங் வேலை தெரிந்த ஒருவர் என் கணவரிடம் சொன்னாராம். துத்தம் விஷமல்லவா, பிள்ளை அட்டையைக் கடித்தால்? கலக்கவில்லை. வேப்பிலைச் சாறு கலந்தேன். அது போதுமா என்று இன்றுவரை சந்தேகம்தான். வாரம் ஒரு தடவை எல்லா அட்டைகளையும் மோந்து பார்க்கிறேன்.

4

விளையாட்டு பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்ட பிறகு ஒரு வாரத்தில் என் பிள்ளைக்கு இருந்த தமிழும் போய்விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன். முதல் நாள் பத்து ரயிலில் ஏழு ஓடியது. பிறகு ஒவ்வொன்றாகத் தடம்புரண்டது. "பூனை நாளை குடித்தது." தடால். "அப்பா நேற்று தூங்குவான்." தடால். கோமு மட்டுமல்ல, என்னைவிடச் செந்தமிழாகப் பேசும் ராசியும் விழுந்தாள். நான் பயந்துபோனேன். சும்மா இருந்த பிள்ளையை விளையாட்டு என்று சொல்லிக் கெடுத்துவிட்டேனே, பெரியவர்கள் ஒப்பிக்கச் சொன்னது சும்மாவா என்று தோன்றியது. அட்டைகளையெல்லாம் எடுத்துப் பரணில் போட்டுவிடலாம் என்று முன்னறைக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசியின் குரல் கேட்டது.

"எடி, அந்த அட்டையை எடாதை. அது சரியாய்ப் போகும். 'நாளை'யை எடு, அப்பத்தான் விழலாம்."

"ஓம், நான் உன்ர மேல விழுறன். மல்லிகா என்ர மேல விழட்டும்." இது கோமு.

மல்லிகா அப்போது தமிழ் அவ்வளவாகப் பேச மாட்டாள். ஆனால் "ஹரி, ஹரி" என்று பலமாகச் சம்மதித்தாள். சிங்களத்தில் அது சரி, சரி.

விழுவதில் இருக்கும் இன்பம் ஓடுவதில் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நான் தண்டனை என்று வைத்ததை அவர்கள் பரிசாக எடுத்துக்கொண்டார்கள். தப்பு எது என்று இத்தனை துல்லியமாகத் தேடி எடுக்கத் தெரிந்தால் சரி எது என்று தெரியாமலா இருக்கும்? கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு, தாய் சிரிக்கிற விஷயமா இது என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் சட்டத்தை மாற்றினேன். தப்பான ரயில் விழாது, ஷெட்டுக்குப் போகும். ஷெட் என்பது அரிசிப் பெட்டிக்குப் பக்கத்து மூலை. அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சரியான ரயில் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, நான் கூடவே போக, தண்டவாள வேலி வரை போய், வருகிற நிஜ ரயிலுக்குக் கொடி காட்டலாம். கொடி மல்லிகா கொண்டுவந்தது. அப்பாவுடைய பழைய பச்சைக் கொடி. கார்டு மகளல்லவா, அவள் ஒரு சட்டம் சேர்த்தாள்: வாக்கியம் சரி என்று அவள் கொடி அசைத்தால்தான் ரயில் கிளம்பலாம். "யமு!" என்பாள். போவோம் என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் அந்தச் சிங்களப் பெண் கோமு, ராசி இருவரின் தமிழிலும் பிழை பிடித்துக் கொடியை மடக்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

இதைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது. துணித் துண்டில் ஐந்து பைகள் தைத்து ஒரு விளையாட்டு. புளியங்கொட்டையால் ஒரு விளையாட்டு. தீப்பெட்டிக்குள் ஒரு பொருளை ஒளித்துவைத்து அதன் பெயரைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்லிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. தங்கரத்தினம் அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன லோகா, பள்ளிக்கூடம் தொடங்கிட்டீரோ? எனக்கும் ஒரு அட்டை தாருமன், நான் ஷெட்டுக்குள்ள போய்ச் சும்மா இருக்கிறன். வீட்டில சும்மா இருக்க விடுறாங்கள் இல்லை" என்பார்.

5

ஆடி மாதம் கதிர்காமத் திருவிழாவுக்கு என் கணவரின் தமையனார், பெரிய அத்தான், வருகிறார் என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிப் போனார். அத்தான் பாளையங்கோட்டையில் வக்கீல். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வந்தவர் கூடவே இன்னொன்றும் சொன்னார்: "கோமுவுக்குத் தமிழ் எப்படி இருக்குன்னு பாக்கணும்னு சொன்னாவ."

அந்த நாளிலிருந்து வீடு இரண்டுபட்டது. விருந்தாளிக்குக் கூப்பன் வாங்க ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் என்னைச் சிங்களத்தில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன், அவர் தமிழில் திட்டினார். அவர் கேட்டது எத்தனை நாள் தங்குவார் என்று. கட்டுப்பாடு தெரிந்த எந்த மருமகள் அதற்குப் பதில் சொல்வாள்? "அவுக இஷ்டம்" என்றேன். "அப்ப கூப்பன் எங்கட இஷ்டம்" என்றார் அவர். கடைசியில் கொஞ்சம் கொடுத்தார்.

கூப்பனைவிடப் பெரிய கவலை "ஓம்". ஆமா என்று சொல்லு, கதைக்கிறேன் என்று சொல்லாதே, பேசுகிறேன் என்று சொல்லு, எழும்புங்கோ அல்ல, எழுந்திருங்க என்று நாள் முழுவதும் கோமுவைத் திருத்தினேன். ஒரு நாள் அவள் என்னைப் பார்த்து, "அம்மா, ராசியின்ர தமிழ் தப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் திருத்திறீங்க?" அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அத்தான் கதிர்காமத்திலிருந்து மொட்டைத் தலையும் விபூதிப் பையுமாக வந்து சேர்ந்தார். குளித்து, சாப்பிட்டு, முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அவருக்குப் போதவில்லை. "ஏட்டி கோமு, இங்க வா. என்ன படிக்கே, சொல்லு பாப்போம்" என்றார்.

நான் கதவோரம் நின்றேன். ஒப்பிக்க மாட்டாளே, ஜன்னலுக்குப் போய்விடுவாளே என்று பயந்தேன். கோமு ஒப்பிக்கவும் இல்லை, ஜன்னலுக்குப் போகவும் இல்லை. உள்ளே ஓடிப்போய் அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் ராசியும் கொடியோடு மல்லிகாவும் ஏற்கெனவே தயாராக நின்றிருந்தார்கள்.

"பெரியப்பா, நீங்க கடைசிப் பெட்டி. எழும்புங்கோ" என்றாள்.

எழும்புங்கோ! நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அத்தான் எழுந்து நின்றிருந்தார். சணலைக் கழுத்தில் மாட்ட அவர் குனிய வேண்டியிருந்தது. முதல் ரயில் ஓடியது. இரண்டாவது ரயிலில் அவர் வேண்டுமென்றே ஒரு வேலை செய்தார். வக்கீல் அல்லவா? எஞ்சினில் அவருக்காகப் புதிதாக எழுதிய "பெரியப்பா", நடுப்பெட்டியில் "நாளை" இருந்தன. நீல அட்டைகளைப் புரட்டி "போனார்" என்பதை எடுத்து மாட்டிக்கொண்டார். "பெரியப்பா நாளை போனார்" என்று கனமான குரலில் வாசித்தார்.

மல்லிகா கொடியை மடக்கினாள்.

"ஷெட்டுக்குப் போங்கோ" என்றாள் கோமு.

"ஏன்? எனக்கு நாளைக்குத் தம்பியோட கடைக்குப் போகத்தானே வேண்டியிருக்கு?"

"நாளை இன்னும் வரேல்லை பெரியப்பா. வராத நாளில நீங்க எப்பிடிப் போயிருப்பீங்க?"

"நான் போகத்தான் போறேன்னு நிச்சயமாத் தெரிஞ்சா?"

கோமு கொஞ்சம் யோசித்தாள். "நிச்சயமாத் தெரிஞ்சாலும் 'போவார்'தான். ரயில் வராமப் போனா? மல்லிகாட அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா?"

அத்தான் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த ரயில் கொல்லைக்குப் போய்த் திரும்பும் வரை வாயைத் திறக்கவில்லை. சட்டம் அப்படி என்று கோமு சொல்லியிருந்தாள்.

நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

6

மறுநாள் காலை சாப்பிடும்போது அத்தான் சொன்னார்:

"ஏம்மா லோகா, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். திருப்பிய பக்கத்தையே மறுபடியும் திருப்பினேன்.

"பேச்சுல யாழ்ப்பாணம் இருக்கு, அது எனக்கு ஒரு குத்தமாத் தெரியல. நல்ல தமிழ்தான். பிள்ளையும் தம்பி மாதிரி சுமாராத்தான் இருக்கும்னு நினைச்சுத்தான் வந்தேன். சுமாரா இருந்தா இங்கனயே இருக்கட்டும், பக்கத்துப் பள்ளிக்கூடம் போதும்னு வீட்டுல உங்க அக்கா கிட்டகூடச் சொல்லிட்டுத்தான் வந்தேன். இது சுமார் இல்ல. இதை இங்க வச்சு என்ன செய்யப் போறீய? பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்துல படிக்க வைக்கேன். பத்தோட நிறுத்த மாட்டேன். டாக்டருக்குப் படிக்கணும்னாலும் படிக்கட்டும்."

என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றார்.

"உன்னக் கேக்கல. இவளத்தான் கேக்கேன். பிள்ளைய இப்படி ஆக்கினது இவதானே. விஜயதசமிக்குச் சேக்கலாம். அதுக்கு முன்னால யோசிச்சுச் சொல்லும்மா. வேண்டாம்னா வேண்டாம். நான் வருத்தப்பட மாட்டேன்."

அவர் வருத்தப்படுவேன் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு அதட்டல் அதட்டியிருந்தால் அழுது, அடம்பிடித்து, என் பிள்ளையைத் தரமாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு தோசை வேண்டாம் என்று எழுந்துபோய்விட்டார். அத்தானின் மனைவியான அக்காவும் தங்கமான மனுஷி. தன் பெண்கள் மூன்று பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டுப் பெரிய வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கிறார். கோமுவைத் தரையில் விடமாட்டார்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் என் கணவரிடம் கேட்டேன். "உங்க வீட்டு வழக்கம் இதுதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"கெட்டிக்காரப் பிள்ளையத்தான் ஊருக்குக் கூப்பிடுவாங்கன்னு."

அவர் மணலைக் காலால் தள்ளிக்கொண்டு நடந்தார். "எங்க வீட்டுல கெட்டிக்காரன் காலேஜுக்குப் போனான், மக்கு கப்பலேறிக் கடைக்கு வந்தான். அந்த மக்கு நான்தான். எனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?" என்று சிரித்தார். பிறகு, "கொட்டாஞ்சேனைக்காரி மகன் இருக்கான்லா, அவனும் சூட்டிகையான பயதான். பேச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லுதது வெளிய சொல்லுததுக்கு. பிள்ளை கெட்டிக்காரன், அதான் பிரியுதோம்னு சொன்னா கண்ணு பட்டுரும்லா" என்றார்.

அதைக் கேட்டதும் நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மறைப்பை நான் ஒருத்திதான் நிஜமென்று நம்பி, வேப்பிலைச் சாறு கலந்து பசை காய்ச்சியிருக்கிறேன்.

"இப்ப என்ன செய்ய?" என்றேன்.

"உன் மனசுக்கு எது சரின்னு படுதோ" என்றார். நல்ல மனிதர். உபயோகமில்லாத பதில்.

7

தங்கரத்தினம் அக்காவிடம் சொன்னேன். அவருடைய மூத்த மகன் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவர் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"எங்கட ஆக்களும் அப்பிடித்தான். நானும் எட்டு வயசில அனுப்பினனான். படிக்கிறான் பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேணும். வகுப்பில முதலாம் பிள்ளை."

"அப்ப நல்லதுதானே அக்கா?"

"ஓம், நல்லதுதான்." சேலையை உதறிக் கொடியில் போட்டார். "போன லீவுக்கு வந்து நிண்டவன். குசினி வாசலில நிண்டு, 'அம்மா, கொஞ்சம் தண்ணி எடுக்கட்டோ?' எண்டு கேட்டான். தன்ர வீட்டில. விடுதியில கேட்டுத்தான் குடிக்கோணுமாம், பழகிப்போச்சு. நல்ல பழக்கம்தான் எண்டு இவர் சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடு ராசா எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது?"

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "உம்மட பிள்ளை விடுதிக்கே போகப் போகுது? பெரியப்பா வீடுதானே. அது வேற. நீர் என்ர கதையைக் கேட்டுப் பயப்படாதையும்" என்றார். பயப்படாதே என்று சொல்லும் குரல் அது இல்லை.

கோமுவிடமும் கேட்டுப் பார்த்தேன். சின்னப் பிள்ளையைக் கேட்கலாமா, கேட்பது அவள் தலையில் பாரத்தை வைப்பதல்லவா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் படிக்கிறியா?"

"ஓம்!" என்று குதித்தாள். "கல்கிசைக்கு அங்கால தானே?"

கல்கிசை எங்களுக்கு இரண்டாவது ரயில் நிறுத்தம். அவள் உலகம் அங்கே முடிகிறது.

"அதுக்கும் அங்கிட்டு. கடலுக்கு அந்தப் பக்கம்."

"சரி. ராசியும் மல்லிகாவும் வருவினம் தானே? மூண்டு பேர் இல்லாட்டி ரயில் ஓடாது."

இதற்கு நான் சொன்ன பதிலை எழுத எனக்கு விருப்பமில்லை. "பார்க்கலாம்" என்றேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

8

அத்தான் போய் இரண்டு வாரமாகிறது. போகும்போது ரயில் அட்டைகளில் ஒரு கட்டுச் செய்து தரச் சொல்லிப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு போனார். தலைமன்னாரில் சுங்கத்து ஆட்கள் அதைப் பிரித்துப் பார்த்து, என்னவென்று விளங்காமல் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். கடைசியில் சீட்டாட்டம் என்று எழுதிவிட்டார்களாம். அதுவரை வழியனுப்பப் போனவர் திரும்பி வந்து சொல்லிச் சிரித்தார்.

எனக்கோ கை ஓடவில்லை. ஒரு புது விளையாட்டைப் பாதியில் வைத்திருக்கிறேன். சந்தை விளையாட்டு. ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வாங்க வருகிறவர்கள். ஒன்று கேட்டால் ஒருமையில் கேட்க வேண்டும், பல கேட்டால் பன்மையில். சின்னச் சின்னத் துணிக் கத்தரிக்காய்கள் தைத்திருக்கிறேன், உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். "எப்ப முடியும்?" என்று மூன்று பேரும் தினமும் வந்து கேட்கிறார்கள். நாளைக்கு, நாளைக்கு என்கிறேன். முடித்துக்கொடுத்தால் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரியாகிவிடுவாளோ என்று பயம் போலிருக்கிறது. சிரிக்காதீர்கள். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நானே சிரித்துவிட்டேன்.

முந்தாநாள் தெளிவாக ஒன்று தோன்றியது. அனுப்பிவிட வேண்டும். நான் மதிலுக்கு வெளியே நின்று பார்த்த பள்ளிக்கூடம் அது. அவள் அதற்குள்ளே போகிறாள் என்றால் அதைத் தடுக்க நான் யார்? நேற்று இன்னொன்று இதைவிடத் தெளிவாகத் தோன்றியது. அவள் கெட்டிக்காரியானது அட்டையாலா? ராசி விழச் சொன்னதாலும், மல்லிகா கொடியை மடக்கியதாலும், மூன்று பேச்சுகள் ஒரே முன்னறையில் இடித்துக்கொண்டு ஓடியதாலும் அல்லவா? இதில் எதைப் பாளையங்கோட்டைக்குக் கட்டி அனுப்புவேன்? இன்று காலையில் எதுவும் தெளிவாகத் தோன்றவில்லை. ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

வாசகிகளே, உங்களில் பலர் பிள்ளைகளை அக்கரையில் வைத்துக்கொண்டோ அக்கரையிலிருந்து அனுப்பியோ வளர்த்தவர்கள். எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்கள் எழுத வேண்டாம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அனுப்பியவர்கள், எத்தனை வயதில் அனுப்பினீர்கள், இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியதா என்று எழுதுங்கள். வைத்துக்கொண்டவர்கள், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் உங்களை ஏதாவது கேட்டதா என்று எழுதுங்கள்.

சின்ன வயதில் தாயை விட்டு உறவு வீட்டில் தங்கிப் படித்து, இன்று பெரியவர்களாகி இதை வாசிக்கிறவர்கள் இருந்தால் அவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். நன்றாகப் படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை, படித்திருப்பீர்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் எந்தெந்த விஷயங்களைச் சொல்வதை நிறுத்திவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். விஜயதசமிக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.